பாரிஸிலிருந்து ஒரு நாள்: ரெய்ம்ஸ் அருகே பழைய ரேஸ் சாலையைப் பார்க்கப் போகலாமா?

பொன்னி எழுதியது:

வணக்கம். பாரிஸுக்குக் கிழக்கே புறநகரில் இருக்கிறோம். அடுத்த மாதம் கோவையிலிருந்து அப்பா வருகிறார். எழுபதைத் தாண்டியவர். ஈபிள் கோபுரம், லூவர் இதிலெல்லாம் அவருக்குப் பெரிய நாட்டமில்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் நண்பர்களோடு ரயிலேறிப் போய்ப் பார்த்தவர். கரிவரதன் கார் ஓட்டியதைப் பற்றி இன்றைக்கும் சாப்பாட்டை மறந்து பேசுவார். "பிரான்சில் ரேஸ் நடந்த இடம் ஏதாவது ஒன்றைக் காட்டு, போதும்" என்கிறார்.

தேடிப் பார்த்ததில் லெ மான்ஸ், ரெய்ம்ஸ் பக்கத்தில் கெயூ என்ற கிராமம் என இரண்டு இடங்கள் மனதில் நிற்கின்றன. ஒரு நாள்தான் கைவசம். கூடப் பதினொரு வயதுப் பையனும் வருவான். நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள். கெயூவில் இப்போது ரேஸ் எதுவும் நடப்பதில்லையாமே, பார்க்க என்ன இருக்கிறது?

சாலைமறவன் எழுதியது:

யோசிக்காமல் கெயூவுக்குக் கூட்டிப் போங்கள். அப்பா சோழவரம் பார்த்தவர் என்றால் அவருக்கு அந்த இடம் உடனே பிடிபடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சுற்றுச்சுவர், நுழைவாயில், டிக்கெட் என்று வைத்துத் தனியாக ஒரு டிராக்கை அங்கே எதிர்பார்க்காதீர்கள். ஊரிலிருந்து ஊருக்குப் போகும் சாதாரணச் சாலைதான் டிராக். ரேஸ் நாளில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு அதிலேயே ஓட்டினார்கள். 1926இல் தொடங்கியது. தில்வா, கெயூ, லா கரேன் ஆகிய மூன்று முனைகளைச் சேர்த்தால் ஒரு முக்கோணம். முதலில் ஒரு சுற்று கிட்டத்தட்ட 7.8 கிலோமீட்டர். ஐம்பதுகளில் கெயூ ஊருக்குள் போகாமல் புறவழி போட்டு, மியூஸோன் பக்கம் வரை நீட்டினார்கள். அதன் பிறகு 8.3 கிலோமீட்டர். ஃபார்முலா ஒன் கடைசியாக அங்கே வந்தது 1966இல். கார் ரேஸ் 1969இல் நின்றது. மோட்டார் சைக்கிள்கள் 1972 வரை ஓடின. அப்புறம் எல்லாம் முடிந்தது.

ரெய்ம்ஸிலிருந்து மேற்கே தில்வா தாண்டி D27 சாலையில் போனால், இரண்டு பக்கமும் கோதுமையும் சர்க்கரை பீட்ரூட்டும் விளையும் வெட்டவெளி. வேறு எதுவும் கண்ணில் படாது. திடீரென்று சாலையின் ஒரு பக்கம் நீளமாக வெள்ளைக் கான்கிரீட் பிட் கட்டடம் (ரேஸ் நடுவே காரை நிறுத்தி டயர் மாற்றும், பழுது பார்க்கும் இடம்), எதிர்ப்பக்கம் பார்வையாளர் மாடங்கள். நடுவில் நீங்கள் ஓட்டிக்கொண்டு போகும் அதே சாலை. பால் வண்டியும் டிராக்டரும் அதில்தான் போகின்றன. அந்தக் கணத்தில் வயிற்றுக்குள் ஏதோ புரளும். நான் எத்தனையோ நவீன டிராக்குகளுக்குப் போயிருக்கிறேன். எதிலும் இப்படி ஆனதில்லை.

பலரும் செய்கிற ஒரு காரியத்தை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். பிட் முன்னால் காரை நிறுத்திப் பத்து போட்டோ எடுத்துக்கொண்டு ரெய்ம்ஸ் தேவாலயத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது பாதி இடம்கூட இல்லை. அங்கே பார்க்க வேண்டியது சாலை. முக்கோணம் முழுவதையும் ஒரு முறை, மெதுவாக, பழைய ரேஸ் போன திசையிலேயே சுற்றுங்கள். பிட்டிலிருந்து மேற்கே கெயூ கிராமத்துக்குள் போய், வலப்பக்கம் திரும்பி D26இல் வடக்கே N31 வரை, அங்கே மறுபடி வலம், நேராகத் தில்வா, மறுபடி வலம், பிட். அவ்வளவுதான். கெயூ ஊருக்குள் வீட்டுச் சுவர்களுக்கு நடுவே அந்தச் சாலை எப்படித் திரும்புகிறது என்று பார்த்தால், முப்பதுகளில் ஓட்டியவர்களின் நெஞ்சுரம் என்னவென்று புரியும்.

வல்லிபுரத்தான் எழுதியது:

தங்கச்சி, லெ மான்ஸையும் தள்ளி வைக்க வேண்டாம். நான் அந்தப் பக்கம் கனகாலம் வேலை செய்தவன்.

மொன்பர்னாஸிலிருந்து வேக ரயிலில் ஒரு மணித்தியாலம். ஸ்டேஷனிலிருந்து டிராம் எடுத்தால் சர்க்யூட் வாசல் வரைக்கும் போகலாம். வாசலுக்குப் பக்கத்திலேயே 24 மணிநேர ரேஸ் மியூசியம். வென்ற கார்களைக் கிட்ட நின்று பார்க்கலாம், பொடியன் வாய் பிளந்து நிற்பான். அதோட அங்கேயும் பொதுச் சாலைதான் டிராக்கில் பெரும் பகுதி. 13.6 கிலோமீட்டர் சுற்றில் உனோதியர் என்ற அந்த நீண்ட நேர் சாலை, வருஷத்தில் மற்ற நாட்களில் சனம் வேலைக்குப் போகிற வழி. 1988இல் ஒரு பூஜோ எஞ்சின் கார் அதில் 405 கிலோமீட்டர் வேகம் தொட்டது. 1990இலிருந்து நடுவில் சிக்கேன் என்ற குறுகிய வளைவுகள் இரண்டை வைத்து வேகத்தைக் குறைத்துவிட்டார்கள்.

எங்கட ஆட்களுக்கும் அந்த இடத்தோடு தொடர்பு உண்டு. 2012இல் சென்னைக்காரர் கருண் சந்தோக் அங்கே ஓடினார், லெ மான்ஸ் ரேஸில் ஓடிய முதல் இந்தியர். அவருடைய கார் ஆறாவதாக வந்தது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2009இல் அங்கே ஓட வந்து, ரேஸ் தொடங்குவதற்குச் சற்று முன் பிட் சுவரைத் தாண்டும்போது தோள்மூட்டு விலகி ஓட முடியாமல் போனது. அப்பா கோவை என்றால் அது அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

பொன்னி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. நரேன் கதை அப்பாவுக்குத் தெரியும், அன்று முழுக்க வீட்டில் யாரிடமும் பேசவில்லை என்று அம்மா சொன்னார்!

மனம் கெயூ பக்கம் சாய்கிறது. எங்கள் வீட்டிலிருந்து A4 நெடுஞ்சாலையில் நேராகப் போய்விடலாம். சில சந்தேகங்கள். அப்பாவால் அதிக தூரம் நடக்க முடியாது. நுழைவுக் கட்டணம் உண்டா? கழிவறை, சாப்பாடு? பையனை வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்பது பாதுகாப்பா?

சாலைமறவன் எழுதியது:

கட்டணம் இல்லை, எந்த நேரமும் போகலாம். பிட்டுக்குப் பக்கத்திலேயே காரை ஓரம் கட்ட இடம் இருக்கிறது, அப்பா இறங்கி நாலு எட்டு வைத்தால் போதும். கழிவறை, சாப்பாடு இரண்டுமே ரெய்ம்ஸில் முடித்துக்கொள்ளுங்கள். தில்வாவில் பெரிய கடைத்தொகுதி ஒன்று வந்துவிட்டது, அங்கேயும் கிடைக்கும். பழைய தில்வா கொண்டை ஊசி வளைவைத் தேடினால் ஏமாற்றம்தான், அந்தப் பக்கம் சாலைகளை ரொம்பவே மாற்றிவிட்டார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: D27 இன்றும் ஓடுகிற சாலை, வண்டிகள் வேகமாகத்தான் வரும். பிட்டுக்கும் மாடத்துக்கும் நடுவே போட்டோ எடுக்கப் பையனைச் சாலையில் நிறுத்தாதீர்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வண்டி வருவதைக் கவனிக்காமல் இரண்டு பக்கக் கட்டடங்களையே பார்த்துக்கொண்டு சாலையைக் கடப்பதுதான் அங்கே இருக்கிற உண்மையான ஆபத்து. அப்புறம், அந்த நேர் சாலையைக் கண்டதும் சிலருக்குக் கால் அரிக்கும், ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். பழைய ரேஸைப் போற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஊர்க்காரன் வாசலில் நூற்றைத் தாண்டி ஓட்டுவது மகா அநியாயம்.

மாடங்களின் படிகளில் ஏற முடியாது, நான் போனபோது தடுப்பு வைத்திருந்தார்கள். தடுப்பைத் தாண்டாதீர்கள். கான்கிரீட் பல இடங்களில் உதிர்ந்து இரும்புக்கம்பி தெரிகிறது.

திருமாறன் எழுதியது:

போவதற்கு முன் பையனுக்குக் கதைகளைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். கதை தெரியாமல் போனால் அது வெறும் வெள்ளைச் சுவர். நான்கைந்து சொல்கிறேன்.

1953 ஜூலை. 60 சுற்று, 500 கிலோமீட்டர். ஃபெராரியில் 24 வயது இங்கிலாந்துக்காரர் மைக் ஹாதார்ன், கழுத்தில் போ டையோடு. மசராட்டியில் ஃபாஞ்சியோ. கடைசிப் பகுதி முழுக்க இரண்டு காரும் பக்கத்தில் பக்கத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி அந்த நேர் சாலைகளில் பறந்தார்கள். கடைசியாகத் தில்வா முனையில் ஹாதார்ன் உள்ளே புகுந்து முந்தினார். ஜெயித்தது ஒரே ஒரு வினாடியில். முதல் நான்கு கார்களும் ஐந்து வினாடிக்குள் கோட்டைத் தாண்டின. உலக சாம்பியன்ஷிப் ரேஸ் ஒன்றை ஒரு பிரிட்டிஷ் ஓட்டுநர் ஜெயித்தது அதுதான் முதல் முறை.

அடுத்த வருடம், 1954 ஜூலை 4. போருக்குப் பின் மெர்சிடிஸ் முதல் முறையாக கிராண்ட் பிரீ என்னும் ஃபார்முலா ஒன் ரேஸுக்குத் திரும்பிய நாள். சக்கரங்களையும் மூடிய வெள்ளித் தகடு உடலோடு W196 கார்கள். நேர் சாலை அதிகம் உள்ள ரெய்ம்ஸுக்கு ஏற்றபடி காற்றைக் கிழிக்கச் செய்த வடிவம் அது. ஃபாஞ்சியோவும் கார்ல் கிளிங்கும் முதல் இரண்டு இடம். அதே நாளில்தான் பெர்ன் நகரில் மேற்கு ஜெர்மனி கால்பந்து உலகக் கோப்பையையும் ஜெயித்தது. போர் முடிந்து ஒன்பதே வருடம். கெயூவின் மாடத்தில் உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் பீரங்கிகள் ரெய்ம்ஸ் தேவாலயத்தையே சுட்டுக் கொளுத்தியவை. இந்தப் பக்கத்து மண் முழுக்கப் போர் நடந்த மண்.

1958. ஹாதார்னைத் துரத்திக்கொண்டு போன இத்தாலியர் லூயிஜி முசோ, பிட்டைத் தாண்டி வரும் அந்த வேக வளைவில் கார் தடம் மாறி உயிரிழந்தார். அதே ரேஸ்தான் ஃபாஞ்சியோவுக்குக் கடைசி. முன்னால் போய்க்கொண்டிருந்த ஹாதார்ன், மரியாதைக்காக, கிழவரை ஒரு சுற்று முந்தாமல் பின்னாலேயே வந்தார். ஐந்து முறை உலக சாம்பியன் ஆனவர் நான்காவதாக முடித்து இறங்கினார், அதோடு சரி. அமெரிக்கர் ஃபில் ஹில் தன் முதல் ஃபார்முலா ஒன் ரேஸை ஓடியதும் அன்றுதான். ஒருவர் சாவு, ஒருவர் ஓய்வு, ஒருவர் ஆரம்பம், எல்லாம் ஒரே பிற்பகலில்.

1966. ஜாக் பிராபம் தன் பெயர் தாங்கிய காரை ஓட்டி ஜெயித்தார். சாம்பியன்ஷிப் ரேஸில் அதற்கு முன் யாரும் செய்யாதது. அந்த ரேஸில் முன்னணியில் இருந்த ஃபெராரியின் லொரென்சோ பந்தினிக்குத் தில்வா பக்கம் ஆக்சிலரேட்டர் கேபிள் அறுந்தது. ஓரத்தில் கிடந்த வைக்கோல் கட்டிலிருந்து கம்பியைப் பிடுங்கி, கேபிளுக்குப் பதிலாகக் கட்டி, கையால் இழுத்து இழுத்து பிட் வரை ஓட்டி வந்தார். பையனுக்கு இது நிச்சயம் பிடிக்கும். அன்று அவருடைய அதிவேகச் சுற்றின் சராசரி மணிக்கு 227 கிலோமீட்டர், நினைவில் வையுங்கள், கிராமத்துச் சாலையில்.

நிலாமுற்றம் எழுதியது:

திருமாறன், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு, சொல்லிவிடுகிறேன்.

கெயூவை நான் இரண்டு காலத்திலும் பார்த்தேன். ஆரம்பத்தில் பிட் கட்டடத்தில் செடி முளைத்து, பழைய விளம்பர எழுத்துகள் மங்கிப் பாதி மட்டும் தெரிந்தன. காலம் அந்த இடத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. 2004இலிருந்து ஒரு தன்னார்வச் சங்கம் செடி கொடியை வெட்டி, சுவரைப் பூசி, விளம்பரங்களைப் புதிதாக வரைந்துவிட்டது. இப்போது பளிச்சென்று இருக்கிறது. ஏதோ படப்பிடிப்புக்குப் போட்ட செட் மாதிரி எனக்குத் தோன்றுகிறது. பழையதைப் பழையதாகவே விட்டால் என்ன?

இன்னொன்று. சாவுகளைக் கதையாக்கிச் சொல்வது எனக்கு உறுத்துகிறது. முசோவுக்கு 33 வயது. 1956இல் 12 மணிநேர ரேஸில் போர்ஷ் ஓட்டிய ஆனி பூஸ்கே அங்கே இறந்தார். அதற்குப் பிறகு லெ மான்ஸில் பெண்களுக்கு இடமே தரவில்லை, 1971இல்தான் மறுபடி வந்தார்கள். ஒரு பெண் இறந்ததற்கு எல்லாப் பெண்களுக்கும் கதவடைப்பு. ஆண்கள் எத்தனை பேர் இறந்தார்கள், ஆண்களை யாராவது தடுத்தார்களா? அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கற்பகவல்லி எழுதியது:

நிலாமுற்றம் அவர்களுக்கு. பூஸ்கே பற்றிச் சொன்னது முற்றிலும் நியாயம், அதில் எனக்கு ஒரு வார்த்தையும் மறுப்பில்லை. பெயின்ட் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் இருப்பது நார்மண்டியில், ருவான் நகருக்குப் பக்கம். எங்களிடமும் இதே மாதிரி ஒரு பொதுச் சாலை சர்க்யூட் இருந்தது, லெ ஸெஸார் காட்டுக்குள். ரெய்ம்ஸை விட அழகானது. மேட்டிலிருந்து மரங்களுக்கு நடுவே சரசரவென்று இறங்கும் வேக வளைவுகள், அடியில் கற்கள் பதித்த ஒரு கொண்டை ஊசி வளைவு, மறுபடி காட்டுக்குள் ஏற்றம். 1957இல் ஃபாஞ்சியோ அந்த இறக்கத்தில் நான்கு சக்கரமும் வழுக்க வழுக்கக் காரை வளைத்துக்கொண்டு போன படங்கள் உலகப் புகழ் பெற்றவை. 1962இல் டான் கர்னி ஜெயித்தார். போர்ஷ் தன் சொந்த ஃபார்முலா ஒன் காரில் பெற்ற ஒரே சாம்பியன்ஷிப் வெற்றி அது. 1968இல் மழையில் ஜாக்கி இக்ஸ் முதல் முறை ஜெயித்தார். அதே ரேஸில் ஜோ ஷ்லெஸர் மக்னீசியம் உடல் கொண்ட ஹோண்டாவில் தீக்கிரையானார்.

1994இல் ரேஸ் நின்றது. 1999இல் மாடம், பிட், எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இப்போது போனால் காடு, சாலை, அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவர் கூட வந்து "இங்கேதான் பிட் இருந்தது" என்று கை காட்டினால்தான் உண்டு. என் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். "ஒன்றுமே இல்லையே அம்மா" என்றார்கள். என்ன பதில் சொல்வது?

நீங்கள் ஆசைப்படும் பழமையைத் தானாக விட்டால் அது அப்படியே நிற்காது. கான்கிரீட்டுக்குள் தண்ணீர் இறங்கும், குளிர்காலத்தில் உறைந்து விரியும், கம்பி துருப்பிடிக்கும், ஒரு நாள் ஒரு துண்டு யார் தலையிலாவது விழும். அன்றைக்கே இடிக்கும் உத்தரவு வந்துவிடும். கெயூவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் பிரஷ்ஷோடு நின்றவர்களால்தான் நீங்களும் நானும் இன்று பெயின்ட் நல்லதா கெட்டதா என்று பேசவாவது ஒரு சுவர் மிஞ்சியிருக்கிறது.

வல்லிபுரத்தான் எழுதியது:

கற்பகவல்லி பிள்ளை சொல்வது சரி. இந்தச் சாலை சர்க்யூட்கள் ஏன் ஒவ்வொன்றாகச் செத்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால் பொன்னியின் அப்பாவுக்கு உதவும்.

1955 ஜூன் 11, லெ மான்ஸ். ஒரு மெர்சிடிஸ் கார் முன்னால் போன காரில் ஏறிப் பறந்து கூட்டத்துக்குள் விழுந்தது. ஓட்டிய பியர் லெவேயோடு எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். அந்த வருஷம் பிரெஞ்சு கிராண்ட் பிரீயையே ரத்து செய்தார்கள். சுவிட்சர்லாந்து தன் நாட்டில் சர்க்யூட் ரேஸையே தடை செய்தது. அதனால்தான் 1982இல் சுவிஸ் கிராண்ட் பிரீ என்ற பெயரில் நடந்த ரேஸைப் பிரான்சில் டிஜோன் பக்கத்துப் பிரெனுவா கிராமத்தில் வைத்தார்கள்.

பிறகு கார்களின் வேகம் ஏற ஏற, மரமும் வீடும் பள்ளமும் உள்ள சாலையில் ஓட்ட ஓட்டுநர்களே மறுத்தார்கள். சாலைக்குத் தடுப்பு போடலாம், மாதா கோயிலையும் திராட்சைத் தோட்டத்தையும் நகர்த்த முடியாதே. 1970இல் தெற்கே போல் ரிக்கார், 1972இல் டிஜோன் என்று தனியாகக் கட்டிய சர்க்யூட்கள் வந்தன. 1991இலிருந்து 2008 வரை பிரெஞ்சு கிராண்ட் பிரீ நடந்தது மக்னி-கூர் என்ற இடத்தில், அதுவும் வயல்களுக்கு நடுவே. நரேன் 2005இல் ஜோர்டான் காரில் ஓடியது அங்கேதான். பாதுகாப்பு என்று பார்த்தால் அதுதான் நல்லது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பொன்னி எழுதியது:

போய் வந்துவிட்டோம். எழுத நேரம் இப்போதுதான் கிடைத்தது. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ரெய்ம்ஸ் தேவாலயம். பிரான்சின் அரசர்கள் முடிசூடிய இடம் என்பதால் அதை விட முடியவில்லை. அப்பா அரை மணி நேரத்தில் "சரி, கிளம்பலாமா" என்றார்.

D27இல் பிட் கட்டடம் கண்ணில் பட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். இறங்கினோம். பிட் என்றதும் நான் ஷட்டர் போட்ட கேரேஜ் மாதிரி நினைத்திருந்தேன். அது வரிசையாகத் திறந்த கான்கிரீட் அறைகள், முன்பக்கம் இடுப்பு உயரக் கட்டை, சந்தைக் கடை முகப்பு போல. மெக்கானிக்குகள் அந்தக் கட்டையைத் தாண்டிக் குதித்துக் காரிடம் ஓடுவார்கள் என்று அப்பா பையனுக்குக் காட்டினார். பெயின்ட் உதிர்ந்த ஓர் இடத்தில் அடியில் பழைய வண்ணம் ஒரு பொருக்கு தெரிந்தது. பையன் நகத்தால் சுரண்டப் போனான், கையைத் தட்டிவிட்டேன்.

அப்பா கட்டையில் கை ஊன்றிக்கொண்டு சாலையையே பார்த்தபடி இருந்தார். பிறகு கேட்டார், "நடுவில் சுவர் எங்கே?" அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பிட்டுக்கும் ஓடுகிற சாலைக்கும் நடுவில் எதுவும் இல்லை. கார் நிற்க அகலமான ஓர் ஓரம், அதற்கடுத்து நேராக டிராக். இங்கே ஒருவன் டயர் மாற்றிக்கொண்டு குனிந்திருக்க, முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் இருநூறுக்கு மேல் போயிருக்கிறான். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி போயிற்று. சாதாரண வேகம்தான். காற்று முகத்தில் அறைந்து அப்பாவின் தொப்பி பறந்தது. பையன் ஓடிப் போய் எடுக்கப் பார்க்க, சாலைமறவன் எச்சரித்தது ஞாபகம் வந்து சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினேன்.

பிறகு சொன்னபடி முழுச் சுற்று. கெயூ ஊருக்குள் போகும்போது அப்பா என்னை இருபதில் ஓட்டச் சொன்னார். வலது திருப்பத்தில் வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரம், ஜன்னலில் பூந்தொட்டிகள். D26இல் திராட்சைத் தோட்டச் சரிவுகள் தூரத்தில் தெரிந்தன. N31இல் லாரி நெரிசல், அங்கே எந்தக் கற்பனையும் வரவில்லை. தில்வா பக்கம் கடைத்தொகுதி, எது பழைய முனை என்றே பிடிபடவில்லை. திரும்பி D27இல் ஏறியதும் அப்பா மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு சுற்று கேட்டார். போனோம்.

பையனுக்குப் பந்தினியின் கம்பிக் கதைதான் மனதில் நிற்கிறது. வைக்கோல் கட்டு ஏதாவது தென்படுமா என்று வழியெல்லாம் தேடினான்.

ஒரு கேள்வி பாக்கி. 1961 ரேஸில் ஒரு புது ஆள் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து முந்தி ஜெயித்தார் என்று அப்பா எங்கேயோ படித்திருக்கிறார். வளைவே இல்லாத அந்த நேர் சாலையில், சமமான கார்களில், எப்படி முந்துவது என்று இருவருக்கும் காரில் ஒரே வாதம். யாராவது விளக்க முடியுமா?

நிலாமுற்றம் எழுதியது:

பொன்னி, உங்கள் அப்பா "நடுவில் சுவர் எங்கே" என்று கேட்டது போதும். அந்த ஒரு கேள்விக்குள் எல்லாம் இருக்கிறது.

கற்பகவல்லி, ருவான் பற்றி நீங்கள் எழுதியதை யோசித்தேன். கட்டடம் விழாமல் காப்பாற்றுவது தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். விரிசலை அடையுங்கள், கம்பிக்குத் துரு நீக்கிப் பூசுங்கள், கூரையை நிறுத்துங்கள். விளம்பர எழுத்தை மட்டும் புதிதாக வரையாதீர்கள், மங்கியது மங்கியதாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. பொன்னியின் பையன் நகத்தால் சுரண்டப் போனானே, அடியில் தெரிந்த அந்தப் பொருக்குத்தான் உண்மையான 1950கள். அதன் மேல் நாம் வரைவது நம் காலத்து ஆசை.

கற்பகவல்லி எழுதியது:

அந்தப் பையன் குனிந்து பார்த்ததே புதுப் பெயின்ட் அவனைக் காரிலிருந்து இறங்க வைத்ததால்தானே! இடிந்த சாம்பல் சுவர் ஒன்றுக்காக எந்தப் பதினொரு வயதுப் பிள்ளை இறங்கும்? நீங்களும் நானும் இதில் ஒத்துப்போகப் போவதில்லை. ஒன்று செய்யலாம், ஒரு பிட் அறையை மட்டும் பூசாமல், எழுதாமல், பழைய கோலத்திலேயே பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லலாம். அதைச் சங்கத்தாரிடம் யாராவது பேசினால் நானும் கூட வருகிறேன்.

திருமாறன் எழுதியது:

பொன்னி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

அந்தப் புது ஆள் இத்தாலியர் ஜியான்கார்லோ பாகெட்டி. உலக சாம்பியன்ஷிப்பில் அவருக்கு அதுவே முதல் ரேஸ். அதற்கு முன் சாம்பியன்ஷிப்பில் சேராத இரண்டு ஃபார்முலா ஒன் ரேஸ்களை மட்டும் ஓடி இரண்டையும் ஜெயித்திருந்தார். அன்று கடும் வெயில், சாலையில் தார் இளகி, சக்கரம் கிளப்பிய கற்கள் ரேடியேட்டரைத் துளைத்தன. ஃபெராரியின் மூன்று பெரிய ஓட்டுநர்களில் ஃபான் டிரிப்ஸும் கிந்தரும் எஞ்சின் கோளாறால் வெளியேறினார்கள். ஃபில் ஹில் தில்வா முனையில் சுழன்று நின்று பின்தங்கினார். முன்னணியில் மிஞ்சிய ஒரே ஃபெராரி பாகெட்டியுடையது. எதிரில் இரண்டு போர்ஷ் கார்கள். கடைசிச் சுற்றுகளில் போனியரின் எஞ்சினும் சோர்ந்துபோக, டான் கர்னி மட்டும் நின்றார்.

முந்தும் வித்தை இதுதான். 200க்கு மேல் போகும் காருக்குப் பெரிய எதிரி காற்று. முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்துகொண்டு போகிறார், அவருக்குப் பின்னால் காற்று மெலிந்த ஒரு பை உண்டாகிறது. அதற்குள் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு எஞ்சின் அதே சக்தியைக் கொடுத்தாலும் எதிர்ப்பு குறைவு, அதனால் வேகம் கொஞ்சம் மிச்சப்படும். அந்த மிச்சத்தோடு கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகினால், முன்னாலிருப்பவரால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் சீக்கிரம் விலகினால் கதை மாறிவிடும். இப்போது காற்றைப் பிளப்பவர் நீங்கள், பையில் இருப்பவர் அவர். அவர் உங்களைத் திருப்பி முந்துவார். அதனால் ரெய்ம்ஸில் கடைசிச் சுற்றில் தில்வா முனையை முதலாவதாகத் தாண்டுவது லாபமா நஷ்டமா என்பதே பெரிய கணக்கு. அங்கிருந்து கோடு வரை நேர் சாலை, பின்னால் வருகிறவருக்கு விலகி ஏறத் தேவையான தூரம் அதில் இருக்கிறது.

கர்னி முதலாவதாகத் திரும்பினார். பாகெட்டி அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு, பொறுத்து, பொறுத்து, கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது விலகினார். வித்தியாசம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பின் அவர் வேறு எந்தச் சாம்பியன்ஷிப் ரேஸையும் ஜெயிக்கவில்லை.

அப்பாவிடம் சொல்லுங்கள்: தில்வாவிலிருந்து D27இல் ஏறியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தாரே, அங்கிருந்து பிட் வரைக்கும் உள்ள அந்தத் துண்டுச் சாலையில்தான் இது நடந்தது. கர்னிக்கு அடுத்த வருடம் ருவானில் போர்ஷில் கணக்குத் தீர்ந்தது, அதைக் கற்பகவல்லி மேலே சொல்லியிருக்கிறார்.